“யாரு சொன்னா?” – கேள்விப்பட்டதைச் சரிபார்க்க ஒரு வடசென்னை வழிகாட்டி

தண்டையார்பேட்டையில் நான் வைத்திருப்பது ஒரு ஜெராக்ஸ் கடை. ஆதார் நகல், ரெஸ்யூம் டைப்பிங், லேமினேஷன், ஆன்லைன் அப்ளிகேஷன், இதுதான் பிழைப்பு. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு காலையில் ஓர் அம்மா, மடித்து மடித்து நைந்துபோன ஒரு தாளைக் கொண்டுவந்து பத்துப் பிரதி கேட்டார். பெண் குழந்தை இருந்தால் மத்திய அரசு இரண்டு லட்சம் கொடுக்கிறதாம், இதுதான் ஃபாரமாம். மதியத்துக்குள் அந்தத் தெருவே வந்துவிட்டது. எதற்கு ஒவ்வொரு முறையும் தேடுவது என்று ஒரு பிரதியை மெஷின் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன். பிரதி இரண்டு ரூபாய். அன்றைக்கு நல்ல கல்லா.

தாளின் தலையில் இருந்தது ‘பேட்டி பச்சாவோ பேட்டி படாவோ’ என்ற திட்டத்தின் பெயர். திட்டம் நிஜம். ஆனால் அதில் தனி ஆளுக்கு நேரடியாகப் பணம் தரும் ஏற்பாடே கிடையாது. அப்படிச் சொல்லி ஃபாரம் விற்கிறவர்களை நம்பாதீர்கள் என்று மத்திய அமைச்சகமே எச்சரித்திருக்கிறது. இது எனக்குத் தெரியவந்தது ஆறு மாதம் கழித்து, அந்த அம்மா திரும்பி வந்து, “இன்னா தம்பி, துட்டு வரலியே? நீதானே போட்டுக் குடுத்த?” என்று கேட்ட பிறகு.

நான் நகல்தான் எடுத்தேன். ஆனால் அவர் கணக்கில் அது கம்ப்யூட்டர் தெரிந்த பையன் கடையிலிருந்து சூடாக வந்த தாள். வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு பட்டனை அழுத்துகிற ஒவ்வொருவரும் அன்றைக்கு நான் இருந்த இடத்தில்தான் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு நானே தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

தொடங்கும் முன்: எதைச் சரிபார்ப்பது, எதை விடுவது

எல்லாவற்றையும் சரிபார்த்துக்கொண்டிருந்தால் சோறு ஆறிவிடும். எந்த நடிகருக்கு யாரோடு கல்யாணம் என்பதில் ஏமாந்தால் யாருக்கும் நஷ்டமில்லை, விட்டுவிடலாம். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: இதை நம்பி, பிறகு தப்பாகப் போனால் யாருக்கு என்ன போகும்? பணமா, மருந்தா, ஒரு மனிதனின் பேரா, உயிரா? போவது பெரிதாக இருந்தால் உட்கார்ந்து தேட வேண்டும்.

ஒரே ஒரு விதிவிலக்கு. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது ஜனங்கள் நள்ளிரவில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்த நேரத்தில் ‘ஆதாரம் இருக்கா?’ என்று கேட்டு நிற்கக் கூடாது. கண் எரிந்தால், மூச்சு முட்டினால், ஈரத்துணியை மூக்கில் வைத்துக்கொண்டு காற்று அடிக்கும் திசைக்குக் குறுக்காக விலகிப் போய்விட வேண்டும். விசாரணை காலையில். வதந்தியை நம்பி ஓடினால் ஒரு ராத்திரித் தூக்கம்தான் போகும். நிஜத்தை நம்பாமல் நின்றால் போவது வேறு.

படி 1: சொல்லப்பட்டதை ஒரே வரியில் எழுதி, துண்டு துண்டாக உடையுங்கள்

பெரும்பாலான புரளிகளில் பாதி உண்மைதான். அந்தப் பாதியின் முதுகில் ஏறிக்கொண்டுதான் மீதிப் பாதி வீட்டுக்குள் வருகிறது. அதனால் மொத்தமாக ‘நம்புகிறேன்’, ‘நம்பவில்லை’ என்று முடிவுகட்டாமல் பிரித்துப்போட வேண்டும்.

கொருக்குப்பேட்டையில் என் அத்தை ஒரு நாள் போன் செய்தார். “ரேஷன் அரிசியில பிளாஸ்டிக் கலக்கறாங்கடா. என் கண்ணாலயே பாத்தேன்.” போனேன். குண்டானில் அரிசி ஊறிக்கொண்டிருந்தது. மேலே பத்துப் பதினைந்து மணிகள் மிதந்தன. மற்ற அரிசியைவிடக் கொஞ்சம் மஞ்சளாக, பளபளப்பில்லாமல், எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி. அத்தை பொய் சொல்லவில்லை. கண்ணால் பார்த்தது நிஜம்.

ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் மூன்றாக எழுதினேன். ஒன்று, சில மணிகள் வேறு மாதிரி இருக்கின்றன. இரண்டு, அவை பிளாஸ்டிக். மூன்று, யாரோ வேண்டுமென்றே கலக்கிறார்கள். முதலாவது குண்டானிலேயே தெரிகிறது. இரண்டாவதை அத்தை பார்க்கவில்லை, எதிர்வீட்டு அக்கா சொன்னது. மூன்றாவது நிஜம்தான், ஆனால் அத்தை நினைத்த காரணத்துக்காக இல்லை.

மிதந்ததை எல்லாம் பொறுக்கி ஒரு கரண்டியில் தண்ணீர் விட்டு அடுப்பில் வைத்தோம். வெந்தது. விரலில் நசுக்கினால் மாவாகப் போனது. இரண்டு மணியை இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டினோம். உருகிச் சொட்டவில்லை, அடிபிடித்த சோறு மாதிரி கருகி, அதே நாற்றம்தான் வந்தது. பிளாஸ்டிக் பையை அடுப்பில் காட்டினால் என்ன ஆகும் என்பது அத்தைக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அது செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்துப் பிசைந்து, மெஷினில் அரிசி வடிவத்திலேயே அழுத்தி எடுக்கிறார்கள். சாதாரண அரிசி நூறு பங்குக்கு அது ஒரு பங்கு என்று கலந்திருந்தார்கள். அரசுத் திட்டங்களில் தரும் அரிசி முழுவதையும் 2024-க்குள் இப்படி மாற்றப்போவதாகப் பிரதமர் 2021 சுதந்திர தின உரையிலேயே அறிவித்தார். நம் வீட்டுப் பெண்கள் மிதக்கும் அரிசியைப் பொறுக்கிக் குப்பையில் போடும்போது, போவது அந்தச் சத்துதான்.

ஆனால் கதை இதோடு முடிகிறதா என்றால், இல்லை. தலசீமியா போன்ற ரத்தக் கோளாறு உள்ளவர்கள் இரும்புச்சத்தை டாக்டர் சொன்ன அளவில்தான் எடுக்க வேண்டும். இந்த அரிசி மூட்டையில் அவர்களுக்கான எச்சரிக்கை வேண்டுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இந்த அரிசி பற்றிக் கேட்க வேண்டிய நல்ல கேள்வி அதுதான். ‘பிளாஸ்டிக், பிளாஸ்டிக்’ என்ற கூச்சலில் அது யார் காதிலும் விழவில்லை. புரளியில் எனக்குப் பிடிக்காத விஷயமே அதுதான், சரியான கேள்வியின் இடத்தில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும்.

படி 2: வாயிலிருந்து வாய்க்குப் பின்னோக்கி நடங்கள்

எந்தச் செய்தியிலும் முதல் ஆள் ஒருவர் இருப்பார். தன் கண்ணால் பார்த்தவர், அல்லது தானாகக் கட்டிவிட்டவர். அவரைக் கண்டுபிடிக்கும் வரை பின்னால் போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், “உங்களுக்கு யார் சொன்னது?” என்று கேட்டால் நம் ஊரில் அது சண்டைக்கு அழைப்பு. பெரியவர்களிடம் கேட்டால் ‘என்னையே சந்தேகப்படுறியா’ என்று வரும். நான் கண்டுகொண்ட வழி, ஆர்வமாக விவரம் கேட்பது. “அப்படியா சித்தி! எந்தத் தெருவாம்? அவங்க நேர்லயே பாத்தாங்களாமா? புள்ள பேரு இன்னாவாம்? எந்த ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தாங்களாம்?” யாரும் கோபித்துக்கொள்வதில்லை. சித்தியே அடுத்த ஆளுக்குப் போன் போட்டு விசாரிக்கத் தொடங்கிவிடுவார். நிஜமாக நடந்த விஷயத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் விவரம் கூடிக்கொண்டே போகும். புருடாவில் இரண்டாவது கேள்வியிலேயே, “அதெல்லாம் தெரியாது, எல்லாரும் சொல்றாங்க” என்று நின்றுவிடும். எல்லாரும் என்பது ஆள் கிடையாது.

2018 கோடையில் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வீடியோ எல்லாக் குரூப்பிலும் ஓடியது. மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர், தெருவில் விளையாடும் ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அதைப் பார்த்துவிட்டு எங்கள் தெருவில் ஒரு வாரம் பிள்ளைகளை வெளியே விடவில்லை. அது பாகிஸ்தானில், கராச்சியில், குழந்தைப் பாதுகாப்பு பற்றி எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் பையனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு ஓர் அட்டையைக் காட்டுவார்கள். அந்த முடிவை மட்டும் யாரோ வெட்டிவிட்டிருந்தார்கள்.

அந்த மே மாதத்தில்தான் நமக்கு வடக்கே, இங்கிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில், பழவேற்காட்டில், சுற்றித்திரிந்த ஒரு மனிதரைப் பிள்ளை பிடிக்கிறவன் என்று அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். அதே சமயத்தில் போளூர் பக்கம் கோயிலுக்குப் போன சென்னைக் குடும்பத்தில் வயதான ஓர் அம்மாள், பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததற்காக அடித்தே கொல்லப்பட்டார். அடித்தவர்கள் கையில் இருந்தது வதந்தி மட்டும்தான். ‘நெருப்பில்லாமல் புகையாது’ என்று எங்கள் கடையிலேயே அப்போது ஒருவர் சொன்னார். கொடுங்கையூர் குப்பைமேட்டுப் புகையை வருஷக்கணக்கில் சுவாசித்தவர்கள் நாம். நெருப்பு எங்கே என்று பார்க்காமல் புகையைக் காட்டிப் பேசுவதில் அர்த்தமில்லை என்பது நமக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு சின்னக் குறிப்பு. அந்த வருஷம் ஜூலையில் இந்தியாவில் வாட்ஸ்அப் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. இன்றைக்கு ஒரு செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி தெரிந்தால் அது ஏற்கெனவே பல கை மாறி வந்தது என்று பொருள். “என் ஃப்ரெண்டோட அண்ணி அனுப்பினது” என்று சொல்லிக்கொண்டு இரட்டை அம்போடு வந்தால், அண்ணி எழுதியது அல்ல என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

படி 3: இது யாருக்காவது தெரிந்திருக்கவே முடியுமா?

கடலோரத்தில் இருக்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி ரொம்ப உபயோகம். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு எத்தனை முறை ‘நாளைக்குக் காலையில் சுனாமி’ என்று காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை ஜனங்கள் மூட்டை கட்டியிருக்கிறார்கள்! அந்த டிசம்பர் 30-ம் தேதி மத்திய அரசிடமிருந்தே அப்படி ஓர் எச்சரிக்கை வந்தது. ஒரு வெளிநாட்டு நிறுவனம் கணித்துச் சொன்னதை நம்பிக் கொடுத்தார்கள். கரை முழுக்க ஓட்டம். ஒன்றும் வரவில்லை, அது வெறும் உளறல் என்று பிறகு அரசே சொன்னது.

நிலநடுக்கம் எந்த நாள், எந்த மணிக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல இன்றுவரை உலகத்தில் யாராலும் முடியாது. ஆனால் நடுக்கம் வந்த பிறகு அலை எங்கே, எப்போது வரும் என்று கணக்கிட முடியும். 2004-ல் சுமத்ராவில் நம் நேரப்படி காலை ஆறரைக்குப் பூமி ஆடியது. இங்கே அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. 2007-லிருந்து ஹைதராபாத்தில் இதற்கென்றே ஓர் எச்சரிக்கை மையம் இயங்குகிறது. அதனால் சுனாமிச் செய்தி வந்தால் கேட்க வேண்டியது இதைத்தான்: ‘எங்கே, எத்தனை மணிக்கு நிலநடுக்கம் வந்தது?’ பதில் இருந்தால் கிளம்புங்கள். 2012 ஏப்ரல் 11 மதியம் பதில் இருந்தது, இந்தோனேசியா பக்கம் பெரிய நடுக்கம். கிளம்பினோம். அலை பெரிதாக வரவில்லை, அதனால் கிளம்பியது தப்பாகிவிடாது. ‘நாளைக்குப் பத்து மணிக்கு’ என்று வந்தால் பாயை விரித்துப் படுத்துக்கொள்ளலாம்.

இதே கேள்வியைப் பரீட்சை வினாத்தாள், லாட்டரி நம்பர், ‘அடுத்த மாதம் இந்த இடம் இரண்டு மடங்கு ஆகும்’ எல்லாவற்றிலும் போட்டுப் பாருங்கள். கடைசியில் சொன்னதில்தான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள்.

படி 4: வார்த்தையைக் கையில் எடுத்துப் பாருங்கள்

ஒரு மே மாதம் காசிமேட்டில் ஓர் அக்காவிடம் வஞ்சரம் வாங்கப் போனேன். “காத்தால வந்த மீனுப்பா” என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகு கடலுக்குப் போகாது. ஃபைபர் படகுகள்தான் பக்கத்தில் போய்வரும். அவ்வளவு பெரிய வஞ்சரம் கூடை கூடையாக எப்படி? பொய் சொல்கிறார் என்று முடிவுகட்டி வாயைத் திறக்கப் போனேன். நல்ல வேளை, கேள்வியாகவே வந்தது. “எங்கேர்ந்துக்கா வந்துச்சு?”

“மங்களூரு லாரிப்பா. அஞ்சு மணிக்கு எறக்குனாங்க.”

காலையில் வந்ததுதான். லாரியில். அவர் ‘வந்தது’ என்றார், நான் ‘பிடித்தது’ என்று கேட்டுக்கொண்டேன். மேற்குக் கரையில் ஜூன் மாதம்தான் தடை தொடங்கும், அதனால் மே மாதம் அங்கிருந்து மீன் வருவதில் ஆச்சரியமே இல்லை. கேட்காத கேள்விக்கு அவர் ஏன் பதில் சொல்ல வேண்டும்? வீட்டு புரோக்கர் சொல்லும் ‘மெட்ரோ பக்கத்துல’, கோச்சிங் சென்டர் சொல்லும் ‘நூறு சதவீத வேலைவாய்ப்பு உதவி’, இதெல்லாம் அந்த ரகம்தான். ‘உதவி’ என்ற வார்த்தையின் மேல் விரலை வைத்துப் படியுங்கள்.

மீனையே கையில் எடுத்தும் பார்க்கலாம். செவுள் சிவப்பா, கண் தெளிவா, அழுத்தினால் பள்ளம் விழாமல் எழும்புகிறதா? இது நம் வீட்டுக் கிழவிகள் சொல்லிக் கொடுத்த பரிசோதனை, புதுசா பழசா என்பதற்கு இதைவிட நல்லது கிடையாது. ஆனால் எந்தப் பரிசோதனைக்கும் எல்லை உண்டு. 2018 ஜூலையில் மீனில் ஃபார்மலின் (கெட்டுப்போகாமல் வைக்கும் ரசாயனம்) என்று சென்னையே மீன் சாப்பிடப் பயந்தபோது, ‘ஈ மொய்க்காவிட்டால் ஃபார்மலின்’ என்று ஒரு விதி கிளம்பியது. ஐஸைக் கொட்டி வைத்திருந்தாலும் ஈ குறைவாகத்தான் வரும். அதோடு ஃபார்மலினில் இருக்கும் ஃபார்மால்டிஹைட் சில மீன்களில் இயற்கையாகவே கொஞ்சம் உண்டாகும். அதனால் ‘இருக்கா, இல்லையா’ என்று கேட்டால் போதாது. எவ்வளவு, எந்த மீன், எதை வைத்துப் பார்த்தார்கள் என்று கேட்க வேண்டும். கொச்சியில் இருக்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதற்கென்று ஒரு சோதனைத் தாளையே கண்டுபிடித்திருக்கிறது. ஈயை நம்ப வேண்டிய அவசியம் இல்லை.

படி 5: எண் வந்தால், அது எதை அளந்த எண் என்று கேளுங்கள்

எண்ணுக்கு முன்னால் நாம் வாயடைத்துப் போய்விடுகிறோம். திருவொற்றியூரில் இருக்கும் என் நண்பன் ராத்திரி ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுக்கிறான், அப்படி நாறுகிறது. போனில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் ஆப்பைத் திறந்தால் காற்றுத் தரம் ‘திருப்தி’ என்று வருகிறது. “அப்ப என் மூக்குதான் கெட்டுப்போச்சா?” என்றான்.

மூக்கும் சரி, எண்ணும் சரி. காற்றுத் தரக் குறியீடு என்பது எட்டே எட்டுப் பொருள்களை வைத்துப் போடும் கணக்கு: பி.எம். 10, பி.எம். 2.5 என்ற இரண்டு அளவு நுண்தூசி, நைட்ரஜன் டை ஆக்ஸைடு, கந்தக டை ஆக்ஸைடு, கார்பன் மோனாக்ஸைடு, ஓசோன், அம்மோனியா, ஈயம். அழுகிய முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்பைடு அந்தப் பட்டியலிலேயே இல்லை. பென்சீனும் இல்லை. போதாக்குறைக்குப் பெரும்பாலானவற்றுக்கு 24 மணி நேரச் சராசரி. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு மணி நேரம் வீசியது அந்தச் சராசரியில் கரைந்துபோகும். பகலில் கடல்காற்று மணலித் தொழிற்சாலைகளின் புகையை மாதவரம் பக்கம் தள்ளும், இரவில் நிலக்காற்று அதையே திருவொற்றியூர் பக்கம் திருப்பும். கருவி எந்த இடத்தில் நிற்கிறது என்பதும் பேச்சு.

அவனுக்கு நான் சொன்னது, ஒரு நோட்டில் தேதி, மணி, காற்றின் திசை, என்ன மாதிரி நாற்றம், எவ்வளவு நேரம் என்று எழுது. இரண்டு மாதம் எழுதினான். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் புகார் கொடுக்கும்போது ‘எப்பவும் நாறுது சார்’ என்பதற்கும் அந்த நோட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் முகத்திலேயே பார்த்தோம்.

படி 6: அரசாங்கம் சொன்னாலும் தாளைக் கேளுங்கள்

அரசு அறிவிப்பு என்றால் முடிந்த பேச்சு என்பது ஒரு கட்சி, அரசு சொன்னாலே பொய் என்பது இன்னொரு கட்சி. இரண்டு பேருமே தேடுகிற வேலையை மிச்சம் பிடிக்கிறார்கள்.

2017 ஜனவரி 28 விடிகாலை எண்ணூருக்கு வெளியே கடலில் இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெயால் பாதிப்பு ஏதுமில்லை என்பதுதான் முதலில் வந்த அறிவிப்பு. அப்புறம் நாள்கணக்கில் கரையில் நின்று வாளி வாளியாகக் கறுப்புச் சேற்றை அள்ளியது யார் என்பதை வடசென்னையில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அதே வருஷம் இன்னொன்றும் தெரியவந்தது. எண்ணூர்க் கழிமுகம் பாதுகாக்க வேண்டிய பகுதி என்று 1996-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்த வரைபடத்தில் இருக்கிறது. பின்னால் வந்த ஒரு வரைபடத்தில் அதில் பெரும்பகுதியைக் காணோம். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது, மீனவர்கள் இறால் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், படத்தில் மட்டும் இல்லை. இது வெளியே வந்தது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) கேட்டு வாங்கிய தாள்களால்.

அந்தச் சட்டம் 2005-ல் வந்தது. என் கடையில் மாதம் இரண்டு மூன்று மனுவாவது டைப் அடிக்கிறேன், அதனால் செய்முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வெள்ளைத் தாளில், சம்பந்தப்பட்ட அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுத வேண்டும். பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று நீங்கள் காரணம் சொல்லத் தேவையில்லை. அவர்களும் கேட்கக் கூடாது. 30 நாளில் பதில் வர வேண்டும். உயிர் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரம். வரவில்லை, அல்லது மழுப்பல் என்றால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல் அதிகாரிக்கு முதல் மேல்முறையீடு. அதுவும் சரியில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். நகலுக்குப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய், என் கடை ரேட்டேதான்.

எல்லாரும் செய்கிற தப்பு, ‘ஏன்’ என்று கேட்பது. “எங்கள் தெருவில் ஏன் கால்வாய் கட்டவில்லை?” என்று கேட்டால், இது தகவல் அல்ல என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். இருக்கிற தாளைக் கேட்க வேண்டும். ‘இன்ன வார்டு, இன்ன தெருவில் மழைநீர் வடிகால் பணிக்கான வேலை உத்தரவின் நகல், அளவுப் புத்தகத்தின் நகல், கொடுத்த தொகைக்கான பில் நகல்.’ மூன்றே வரி. ‘ஏன்’ என்பதற்கான பதில் அந்த மூன்று தாளுக்குள் தானாக இருக்கும். மனுவை ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் (எங்கே எடுப்பது என்று நான் சொல்லப் போவதில்லை).

படி 7: படமும் வீடியோவும்

இது சுலபம், சீக்கிரம் முடித்துவிடலாம். வீடியோவை நிறுத்தி, முகமோ கட்டடமோ தெளிவாகத் தெரியும் இடத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கூகுள் லென்ஸில் போடுங்கள். அதே படம் பழைய தேதியில் வேறு ஊரில் கிடைத்தால் முடிந்தது கதை. கிடைக்காவிட்டால் வண்டி நம்பர் பிளேட், கடை போர்டின் எழுத்து, போலீஸ் உடை, பேசும் பாஷை ஆகியவற்றைப் பாருங்கள். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவி, பயந்து பலர் ஊருக்கு ரயில் ஏறினார்கள். அதில் சம்பந்தமே இல்லாத, வேறு ஊர்களில் எடுத்த வீடியோக்களும் இருந்தன. மணலியில் வேலை பார்க்கும் ஒரு பையன், என் கடைக்கு டிக்கெட் பிரிண்ட் எடுக்க வந்தவன், போனை நீட்டி, “பையா, இது எந்த இடம்?” என்று கேட்டான். வீடியோவில் ஒரு போர்டுகூடத் தமிழில் இல்லை. அதைக் காட்டினேன். டிக்கெட்டை கேன்சல் பண்ணினானா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஊரில் அவன் அம்மா அழுதுகொண்டிருந்தார்.

படி 8: நமக்குப் பிடித்ததை இரண்டு முறை தேடுங்கள்

கடைசிப் படி, எனக்கு ரொம்ப நாள் பிடிக்காமல் இருந்த படி. பிடிக்காத செய்தியை எல்லோரும் தோண்டுவார்கள். பிடித்ததை யார் தோண்டுகிறார்கள்?

“இந்தியாவுலயே மொதல் ரயில்வே ஸ்டேஷன் நம்ம ராயபுரம்டா” என்று சொல்லித்தான் நைனா என்னை வளர்த்தார். ஹார்பரில் வேலை பார்த்தவர். சாயங்காலம் என்னை அந்தச் சிவப்புக் கட்டடத்தின் தூண்களைக் காட்டக் கூட்டிப்போவார். நானும் ஸ்கூலில், கடையில், கல்யாண வீட்டில், எங்கேயும் அதையே சொன்னேன். ஊர் ஊராகத் தேடிச் சரிபார்க்கக் கற்றுக்கொண்ட பிறகும் இதை மட்டும் தேடத் தோன்றவில்லை.

போன வருஷம் பத்தாவது படிக்கும் என் மகள் ஜி.கே. புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தாள். முதல் பயணிகள் ரயில் பம்பாயிலிருந்து தானாவுக்கு (இன்றைய தாணே), 1853 ஏப்ரல் 16. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ரயில் விட்டது 1856-ல். தென்னிந்தியாவில்தான் நாம் முதல். பம்பாயிலும் தானாவிலும் அந்தக் காலக் கட்டடம் இப்போது இல்லை, ராயபுரத்தில் நிற்கிறது. அதனால் ‘இன்றும் நிற்பதில் பழையது’ என்று சொல்லிக்கொள்ளலாம்.

நைனாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் மெதுவாக ஆரம்பித்தேன். கேட்டுக்கொண்டே வெற்றிலையை மடித்தார். “சரி. நீ படிச்சவன் சொல்ற. அந்த பம்பாய்தான் மொதல்னு யாரு சொன்னா? தேடிப் பாத்தியா?”

பார்க்கவில்லை. புத்தகத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

அன்று ராத்திரி தேடினேன். 1837-லேயே மதராஸில் ஒரு ரயில் ஓடியிருக்கிறது. செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்கு, ரோடு போடக் கல் ஏற்றிக்கொண்டு. பம்பாய்க்குப் பதினாறு வருஷம் முன்னால். காலையில் டீயோடு போய்ச் சொன்னேன்.

“அப்ப மொதல் ரயிலு நம்ம பக்கந்தான?”

“அது ஆளு போற ரயில் இல்ல நைனா. கல்லு ஏத்துனது.”

“ஏன்டா, கல்லு ஏத்துனா ரயில் இல்லியா?” என்றார். மகளும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.